டெட்ராய்ட்டின் அந்த முனை: டைகர் ஸ்டேடியத்துக்கு ஊர் விடைகொடுத்த கதை

"அமெரிக்காவில் பழைய பேஸ்பால் மைதானம் ஒன்றை மூடினால் அறுபது வயது ஆண்கள்கூடத் தேம்பி அழுகிறார்களே, ஒரு கட்டடத்துக்காகவா இவ்வளவு?" என்று கேட்டிருந்தீர்கள். 1996 முதல் டெட்ராய்ட் புறநகரில் குடியிருக்கிறேன். கார் உதிரிபாகத் தொழிலில் வேலை. இந்த ஊர் பேஸ்பால் அணியான டைகர்ஸ் ஆடிய டைகர் ஸ்டேடியம் மூடப்பட்டதையும், காலியாகக் கிடந்ததையும், இடிக்கப்பட்டதையும், அதற்குப் பிறகு நடந்ததையும் பக்கத்திலிருந்து பார்த்தவன். அதனால் அந்த ஒரு மைதானத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் அவென்யூவும் ட்ரம்புல் தெருவும் சந்திக்கும் இடம். அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து வந்தவர்கள் குடியேறியதால் அந்தப் பேட்டைக்கு கார்க்டவுன் என்று பெயர். 1896-லேயே அங்கே பென்னெட் பார்க் என்ற மர மைதானம் வந்துவிட்டது. அதை இடித்துவிட்டு எஃகிலும் கான்கிரீட்டிலும் கட்டிய மைதானம் 1912 ஏப்ரல் 20 அன்று திறந்தது. டைட்டானிக் மூழ்கி ஐந்தே நாள் ஆகியிருந்தது. பாஸ்டனின் ஃபென்வே பார்க் திறந்ததும் அதே நாள்தான். ஃபென்வே இன்னும் நிற்கிறது என்பது டெட்ராய்ட்காரர்களுக்கு ஆறாத குறை.

உரிமையாளர் மாற மாறப் பெயரும் மாறியது. முதலில் நேவின் ஃபீல்டு, 1938 முதல் பிரிக்ஸ் ஸ்டேடியம், 1961 முதல் டைகர் ஸ்டேடியம். ஒருவர் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் வயதைக் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் எல்லா வயதுக்காரர்களும் பொதுவாகச் சொன்ன பெயர் "தி கார்னர்". அந்த முனை. "முனைக்குப் போறோம்" என்றால் வேறு எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வெள்ளைத் தொழிற்சாலை போலத்தான் இருக்கும். உள்ளே நடைபாதைகள் குறுகலானவை, இருட்டானவை, பழைய எண்ணெய் வாடையும் வெங்காய வாடையும் கலந்து அடிக்கும். இருக்கைகளுக்கு நடுவே தூண்கள். ஒரு தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் பந்து வீசுபவர் தெரிவார், அடிப்பவர் தெரிய மாட்டார். இதைக் குறை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்த மைதானத்தின் அருமையே அந்தத் தூண்களால் வந்ததுதான். மேல்தளத்தின் பாரத்தைத் தூண்கள் தாங்கியதால் அதைக் கீழ்த்தளத்துக்கு நேர் மேலேயே, ஆடுகளத்துக்கு வெகு அருகில் வைக்க முடிந்தது. இப்போது கட்டும் ஸ்டேடியங்களில் தூண் மறைக்காது, ஆனால் மேல்தளம் பின்னுக்குத் தள்ளிப் போய்விடும். மேல் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர் விரல் அளவுக்குத் தெரிவார். டைகர் ஸ்டேடியத்தில் மாடியில் உட்கார்ந்திருந்தாலும் பந்து கையுறைக்குள் போய் விழும் சத்தம் காதில் விழும்.

வலது பக்க மேல்தளம் கீழ்த்தளத்தைவிடப் பத்தடி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பிடித்துவிடலாம் என்று ஆட்டக்காரர் அண்ணாந்து கையுறையை நீட்டிக் காத்திருப்பார். பந்து அவர் தலைக்கு மேலே மாடிக் கூட்டத்தில் விழுந்து, கிரிக்கெட் சிக்ஸர் போன்ற ஹோம் ரன் ஆகிவிடும். நடுத்திசையில் சுவர் 440 அடி தூரம். அந்தச் சுவருக்கு உள்ளே, ஆடுகளத்திலேயே, 125 அடி உயரக் கொடிக்கம்பம். பந்து அதில் பட்டாலும் ஆட்டம் தொடரும். இந்த விசித்திரங்களை எல்லாம் அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் வீட்டு மாடிப்படியின் வளைவைப் போலத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

நான் உள்ளே போனது கடைசி வருடத்தில்தான். 1999 கோடையில் ஒரு சனிக்கிழமை. என்னோடு வேலை பார்த்த ஒருவர், அப்போது அவருக்கு நாற்பது வயதுக்கு மேல், தன் ஒன்பது வயது மகனோடு என்னையும் அழைத்துப் போனார். மூன்றாம் பேஸ் பக்கம் (பேஸ் என்பது அடித்தவர் ஓடித் தொட வேண்டிய நிலை), கீழ்த்தளம், தூணுக்குப் பின்னால் இடம். நான் எரிச்சலோடு தலையை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் என் தோளைத் தொட்டு, "இடது பக்கம் சாயக் கூடாது. வலது முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொள்ளுங்கள், அப்போதுதான் பிட்சர் கையும் பேட்டும் சேர்ந்து தெரியும்" என்றார். திரும்பிப் பார்த்தேன். பையன் ஏற்கெனவே அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அவருடைய அப்பா கார் ஆலையில் வேலை பார்த்தவர். வாங்க முடிந்ததெல்லாம் தூண் மறைக்கும் மலிவு டிக்கெட்தான். அந்தச் சாய்வு அப்பா சொல்லித் தந்தது. தாத்தா போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. பேரன் அவருடைய சாய்விலேயே உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வருவது இதைத்தான். அந்தச் சாய்வு அந்தத் தூணுக்கானது. தூண் போய்விட்டால் அதை யாருக்கும் சொல்லித்தர முடியாது.

அப்புறம் அவர் பென்சிலை எடுத்து ஸ்கோர் அட்டையைப் பையனிடம் நீட்டினார். கிரிக்கெட்டில் ஸ்கோர் எழுத ஒருவர் தனியாக இருப்பார், பார்வையாளர் எழுத மாட்டார். பேஸ்பாலில் ரசிகரே எழுதும் பழக்கம் உண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண். பந்து வீசுபவர் 1, பிடிப்பவர் 2, இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட் ஸ்டாப் 6 என்று போகும். 6-4-3 என்று எழுதினால் பந்து யார் யார் கைமாறி இருவர் அவுட் ஆனார்கள் என்பது புரிந்துவிடும். ஸ்ட்ரைக் அவுட், அதாவது அடிப்பவர் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவது, என்றால் K எழுத்து. மட்டையைச் சுழற்றாமல் நின்றபடியே அவுட் ஆனால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட வேண்டும். பையன் அதை ஒவ்வொரு முறையும் நாக்கைத் துருத்திக்கொண்டு கவனமாகத் திருப்பிப் போட்டான். அவர்கள் வீட்டில் ஒரு காலணிப் பெட்டி நிறைய இப்படிப்பட்ட அட்டைகள் இருந்தன. பிறகு ஒருநாள் எனக்குக் காட்டினார். 1968-ஆம் வருடத்து அட்டை ஒன்றில் முதல் நான்கு இன்னிங்ஸ் அப்பாவின் கையெழுத்து, அதற்கு மேல் பெரிய கோணல் எழுத்து. "இந்த இடத்தில்தான் முதல் தடவை பென்சிலை என்னிடம் கொடுத்தார்" என்றார்.

பேஸ்பால் மெதுவான ஆட்டம் என்று நம் ஆட்கள் குறை சொல்வார்கள். மெதுவானதுதான். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம், அதில் 81 சொந்த ஊரில். இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும் ஆட்டத்தில் பந்து உண்மையாகவே ஆட்டத்தில் இருப்பது கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம், பேசாமலும் இருக்கலாம். வாரம் முழுக்க ஷிப்டில் அடிபட்டு, வீட்டில் வாயே திறக்காத அப்பாக்கள் நிறைந்த ஊர் இது. எதிரெதிரே உட்கார்ந்து பேச வராதவர்களுக்கு, இருவரும் ஒரே பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரம் பெரிய வரம்.

மைதானத்துக்குப் போக முடியாத நாள்களில் வானொலி. எர்னி ஹார்வெல் 1960-லிருந்து 2002 வரை, இடையில் ஒரு வருடம் தவிர, டைகர்ஸ் ஆட்டங்களை வர்ணித்தவர். ஜார்ஜியாக்காரர், இழுத்து இழுத்துப் பேசும் இதமான குரல். பந்து கூட்டத்துக்குள் விழுந்து யாராவது பிடித்தால், "இப்சிலான்டிக்காரர் ஒருவர் பிடித்துவிட்டார்", "சாகினாவிலிருந்து வந்தவர் பிடித்தார்" என்று ஏதாவது ஒரு மிச்சிகன் ஊர்ப் பெயரைச் சொல்வார். அவராகச் சொல்வதுதான். ஆனால் வீட்டில் ரேடியோ கேட்கும் பிள்ளைகள், இவருக்கு எப்படித் தெரிகிறது என்று வியந்து போவார்கள். தங்கள் ஊர்ப் பெயர் வருமா என்று காத்திருப்பார்கள்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கண்ணீர் முழுக்கப் புரியாது. 1950-ல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18 லட்சத்துக்கு மேல். 2000-ல் சுமார் 9 லட்சத்து 51 ஆயிரம். பாதி ஊர் காலி. பள்ளிகள், தேவாலயங்கள், ஆலைகள், பெரிய அங்காடிகள் எல்லாம் ஒவ்வொன்றாக மூடின. பிறந்த வீட்டைப் பார்க்கப் போனால் அங்கே புல் முளைத்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு, சின்ன வயதில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்த இடம் அந்த முனை ஒன்றுதான்.

1967 ஜூலை 23 அன்று நகரில் கலவரம் வெடித்தது. அது அடங்குவதற்குள் 43 பேர் இறந்தார்கள். அன்று மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த வில்லி ஹார்ட்டன், அந்த ஊரிலேயே வளர்ந்த கறுப்பின ஆட்டக்காரர், சீருடையைக்கூட மாற்றாமல் கலவரப் பகுதிக்கு ஓட்டிப் போய், காரின் மேல் ஏறி நின்று அமைதியாகச் செல்லும்படி மக்களிடம் கெஞ்சினார். யாரும் கேட்கும் நிலையில் இல்லை. அடுத்த வருடம் டைகர்ஸ், பருவத்தின் இறுதிப் பட்டத்துக்கான உலகத் தொடரை வென்றது. ஐந்தாவது ஆட்டத்தில், இதே மைதானத்தில், இடது பக்கத்திலிருந்து ஹார்ட்டன் வீசிய பந்துதான் எதிரணியின் லூ பிராக்கை, ஓட்டத்தை முடிக்கத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டில் அவுட் ஆக்கித் தொடரைத் திருப்பியது என்று இன்றைக்கும் சொல்வார்கள். அந்த வெற்றி ஊரின் காயத்தை ஆற்றிவிட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த அக்டோபரில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே தெருவில் ஒன்றாகக் கூத்தாடினார்கள் என்பது உண்மை. அதைக் கண்ணால் பார்த்தவர்களின் குரல் இன்றும் தழுதழுக்கிறது.

எல்லாக் குடும்பங்களுக்கும் அந்த மைதானம் ஒரே மாதிரி இனிக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. கறுப்பினத்தவரைப் பெரிய லீக்குகளில் சேர்க்காத தடையை ஜாக்கி ராபின்சன் 1947-ல் உடைத்த பிறகும், டைகர்ஸ் தன் அணியில் முதல் கறுப்பின ஆட்டக்காரரை எடுக்க 1958 வரை ஆனது. பிரிக்ஸ் பெயரில் இருந்த அந்த வருடங்களைப் பற்றிக் கேட்டால் கறுப்பினப் பெரியவர்கள் முகம் மாறும். அதே இடத்தில் 1990 ஜூனில், சிறையிலிருந்து வெளிவந்த நெல்சன் மண்டேலா மேடை ஏறிப் பேசினார். அன்றுதான் அது எங்கள் மைதானமும் ஆனது என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்.

மைதானத்தைக் காப்பாற்ற ஊர்க்காரர்கள் முயலாமல் இல்லை. ரசிகர் மன்றம் ஒன்று வைத்துப் போராடினார்கள். 1988 ஏப்ரல் 20 அன்று, திறந்த நாளின் ஆண்டு நிறைவில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைகோத்து நின்று ஸ்டேடியத்தைச் சுற்றி வளைத்து அணைத்துக்கொண்டார்கள். சுமார் 2.6 கோடி டாலரில் புதுப்பிக்க ஒரு திட்டமும் வரைந்து கொடுத்தார்கள். எடுபடவில்லை. பெரும்பணக்காரர்களுக்கான தனி அறைகள், அகலமான கடைத்தெரு, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் புதிய கட்டடத்தில்தான் வரும், வருமானமும் அங்கேதான். சுமார் 30 கோடி டாலரில் கொமெரிக்கா பார்க் என்ற புது மைதானம் எழுந்தது. போய்ப் பார்த்திருக்கிறேன், நல்ல மைதானம்தான்.

கடைசி ஆட்டம் 1999 செப்டம்பர் 27, திங்கள்கிழமை. எதிரணி கன்சாஸ் சிட்டி ராயல்ஸ். அந்த முனையில் 1912 முதல் நடந்த லீக் ஆட்டங்களில் 6,873-ஆவது. அன்று டைகர்ஸ் ஆட்டக்காரர்கள் தங்கள் எண்ணை விட்டுவிட்டு, அந்தந்த இடத்தில் ஆடிய பழைய நாயகர்களின் எண்ணை அணிந்தார்கள். நடுத்திசையில் நின்ற கேப் கேப்ளரின் முதுகில் எண்ணே இல்லை. அந்த இடத்தின் பழைய நாயகர் டை காப் ஆடிய காலத்தில் சீருடையில் எண் போடும் வழக்கம் வரவில்லை. ராபர்ட் ஃபிக் என்ற இளைஞர் 25 அணிந்திருந்தார், இன்னொரு பழைய நாயகர் நார்ம் கேஷின் எண். எட்டாவது இன்னிங்ஸில், மூன்று பேஸிலும் ஆள் நிற்க, ஃபிக் அடித்த பந்து வலது பக்கக் கூரை மேல் போய் விழுந்தது. கேஷ் பந்தைக் கூரை தாண்டி அடித்துப் பேர் வாங்கிய அதே பக்கம். அந்த மைதானத்தில் விழுந்த கடைசி அடி அதுவே. ஃபிக்கின் அப்பா முந்தைய வருடம்தான் இறந்திருந்தார். பேஸ்களைச் சுற்றி ஓடும்போது அவரைத்தான் நினைத்ததாகப் பிற்பாடு சொன்னார். ஆட்டம் 8-2, டைகர்ஸ் வெற்றி.

நான் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் பழைய ஆட்டக்காரர்கள், அறுபதுக்கும் மேற்பட்டவர்கள், பெயர் அறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒவ்வொருவராகச் சீருடையில் ஓடிவந்து தாங்கள் ஆடிய இடத்தில் போய் நின்றார்கள். மார்க் ஃபிட்ரிச், 1976-ல் ஊரையே மயக்கிய பந்து வீச்சாளர், நேராகப் பந்து வீசும் மேட்டுக்கு ஓடி மண்டியிட்டு ஒரு பிளாஸ்டிக் பையில் மண்ணை அள்ளினார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் அதே மேட்டைக் கையால் தடவிச் சரிசெய்தவர் அவர். நடுத்திசைக் கம்பத்திலிருந்து கொடியை இறக்கி ஆட்டக்காரர்கள் வரிசையாகக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள். 1930-களில் ஆடிய எல்டன் ஆக்கர், அப்போது 89 வயது, அதை அன்றைய விக்கெட் கீப்பர் போன்ற இடத்தில் ஆடிய பிராட் ஆஸ்மஸிடம் கொடுத்தார். ஹோம் பிளேட்டைத் தோண்டி எடுத்துப் புது மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். ஹார்வெல் பேசினார். பழைய நண்பனுக்குப் போய் வா என்று சொல்வதுபோல நிதானமாகப் பேசினார். விளக்குகள் அணைந்தன.

சடங்கு அருமையாகத்தான் நடந்தது. ஆனால் அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்ன செய்வது என்று யாருக்கும் தெளிவில்லாமல் கட்டடம் வருடக்கணக்கில் சும்மா நின்றது. மிச்சிகன் அவென்யூவில் போகும்போதெல்லாம் வெள்ளைச் சுவரில் துரு வழிவதைப் பார்ப்போம். இறந்தவரை எடுக்காமல் வாசலிலேயே கிடத்தி வைத்தது போல் இருந்தது. 2008 கோடையில் இடிக்கத் தொடங்கி 2009 செப்டம்பரில் முழுதாக முடித்தார்கள். ஃபிட்ரிச் இறந்ததும் அந்த 2009-ல்தான். மறு வருடம் மே மாதம் ஹார்வெல் போனார். புது மைதானத்தில் வைத்திருந்த அவர் உடலைப் பார்க்க இரவெல்லாம் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். நானும் என் மனைவியும் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். பேட்டரிகூட இல்லை.

அதே 2010 மே மாதத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் நடந்தது. முனையில் வேலிக்குள் ஆளுயரக் களை மண்டிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் சிலர் சொந்தப் புல்வெட்டும் இயந்திரங்களோடு உள்ளே புகுந்து வெட்டத் தொடங்கினார்கள். நேவின் ஃபீல்டு கிரவுண்ட்ஸ் க்ரூ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை, காசும் இல்லை, அனுமதியும் இல்லை. அத்துமீறல் என்று போலீஸ் வந்து வெளியேற்றியதும் உண்டு. மறுவாரம் திரும்ப வந்தார்கள். பழைய பேஸ் பாதைகளைத் தேடி எடுத்தார்கள், பந்து வீசும் மேட்டை மண்போட்டு எழுப்பினார்கள். கொடிக்கம்பம் மட்டும் தன் இடத்திலேயே நின்றிருந்தது, அதை வைத்து மற்றதைக் கண்டுபிடிக்க முடிந்தது. பிறகு மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். அப்பாவும் பிள்ளையும் பந்து போட்டுப் பிடித்தார்கள், சிலர் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள், சிலர் அப்பாவின் அஸ்தியைத் தூவிவிட்டுப் போனார்கள்.

2012-ல் ஒரு ஞாயிறு காலை என் நண்பர் கூப்பிட்டார். களை அள்ளும் பைகளை நான் பிடித்துக்கொண்டேன், அவர் இயந்திரம் தள்ளினார். பையனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வெளியூரில் வேலை, விடுமுறைக்கு வந்திருந்தான். வெயில் ஏறியதும் நிறுத்தினோம். நண்பர் காரிலிருந்து தன் அப்பாவின் கையுறையை எடுத்து வந்தார். தோல் கறுத்து, கயிறு மாற்றிக் கட்டியிருந்தது. பையன் மூன்றாம் பேஸ் பக்கம் கொஞ்சம் தூரம் நடந்து, அங்கும் இங்கும் பார்த்து, கம்பத்தைப் பார்த்து, மறுபடி இரண்டடி நகர்ந்து நின்றான். "இங்கேதானே?" என்றான். தூண் இருந்த இடத்தைத் தேடியிருக்கிறான். வெறும் புல். நண்பர் பதில் சொல்லவில்லை, பந்தை வீசினார். அரை மணி நேரம் இருவரும் வீசிக்கொண்டார்கள். நான் பையின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தேம்பல் எல்லாம் இல்லை. பந்து தோலில் விழும் சத்தம் மட்டும்தான்.

2018 முதல் அங்கே பிள்ளைகளுக்கான மைதானம் இருக்கிறது. நகரச் சிறார் விளையாட்டு அமைப்பு கட்டியது, ஆடுகளத்துக்கு வில்லி ஹார்ட்டன் பெயர். செயற்கைப் புல் போட்டுவிட்டார்கள். வருடக்கணக்கில் புல் வெட்டியவர்களுக்கு அதில் மனக்கசப்பு உண்டு. எனக்கும் உண்டு. ஆனாலும் அந்த முனையில் இன்றும் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

இந்தப் பக்கம் எப்போதாவது வந்தால் சொல்லுங்கள், நானே கூட்டிப் போகிறேன். ஆட்டம் இருக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள். கொடிக்கம்பம் அதே இடத்தில்தான் நிற்கிறது. அதற்கு நேரே பார்த்து நின்றால் ஹோம் பிளேட் எங்கே என்று தெரிந்துவிடும். மூன்றாம் பேஸ் பக்கம் உட்காருவோம்.